கழுதை தன் பேரைக் கொடுத்த பேரம்

அந்தக் காலத்தில், விலங்குகள் வாய்திறந்து பேசிய நாளில், மனிதன் விட்ட ஏச்செல்லாம் அப்படியே பலித்தது. "பட்டுப் போ" என்றால் மரம் பட்டது. "இடிஞ்சு விழு" என்றால் கூரை விழுந்தது. அதனால் கோபக்காரர்கள் நாக்குக்கு அடியில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டுதான் வெளியே கிளம்புவார்கள். வாயில் கல்லை வைத்துக்கொண்டு என்ன பேரம் பேச? கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

உப்பு வியாபாரி மாடக்கண்ணு பெரிய முன்கோபி. ஒரு நாள் சந்தைக்குப் போகிற வழியில் கழுதை மேலிருந்த மூட்டைகளை இறக்கி, மகள் ஆவுடையைக் காவல் வைத்துவிட்டுக் குளத்துக்குப் போனான். திரும்புவதற்குள் மழை கொட்டிவிட்டது. ஆவுடை மயில் பார்க்கப் போயிருந்தாள். உப்பெல்லாம் கரைந்து தரையோடு ஓடியது.

அவள் ஓடி வரக் கண்டதும் மாடக்கண்ணு கல்லைத் துப்பினான். "நீ நாச..."

மேய்ந்துகொண்டிருந்த கழுதை பாய்ந்து நடுவில் நின்றது. "வே, நிறுத்தும்! அந்தச் சொல்லு முடிஞ்சா பிள்ளையும் முடிஞ்சுருவா. என் பேரைச் சொல்லி ஏசும். சுமக்கிறது என் தொழில், நான் சுமக்கேன்."

"கழுதை!" என்று மகளைப் பார்த்துக் கத்தினான்.

ஆவுடைக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுதைதான் ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளாடியது.

"ஒத்தப் பக்கம் மூட்டை ஏத்தினா எவன்வே நடப்பான்?" என்றது. "கோபத்துக்கு எத்தனை தரம் சொல்லுதீரோ, பிரியத்துக்கும் அத்தனை தரம் சொல்லணும்."

"அதுல பாதி சொல்லுதேன்."

"சரிக்குச் சரி. இல்லேன்னா பேரைத் திருப்பிக் கொடும்."

மாடக்கண்ணு மகளைப் பார்த்தான். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றாள். துண்டை உதறி அவள் தலையைத் துவட்டினான். "பயந்துட்டியா, கழுதை?"

கழுதை நிமிர்ந்து நின்றது.

"உப்பெல்லாம் போச்சேப்பா" என்று விம்மினாள் ஆவுடை.

"போனாப் போகுது, கழுதை!"

"இது எந்தப் பக்கம் வே?" என்று கேட்டது கழுதை.

"நடுவுல வச்சுக்கிடு. கொசுறு."

அடுத்த சந்தைக்குக் கல் இல்லாமலே போனான். தொண்டை கிழியப் பேரம் பேசினான். ஒரு மரம்கூடப் படவில்லை.

அன்று முதல்தான் நம் வீடுகளில் ஏசினாலும் கழுதை, கொஞ்சினாலும் கழுதை, கைநழுவியதை விட்டுத் தள்ளினாலும் கழுதை. காலையில் அப்படி ஏசியவர் பொழுது சாய்வதற்குள் அதே சொல்லால் ஒரு தடவை கொஞ்சியும்விடுகிறார்.