வழியில் நிற்காத வண்டி

ஏலகிரி மலையடிவாரத்தில் இருக்கும் யோகவல்லி அம்மாவின் ஆசிரமத்துக்கு வருகிறவர்கள், கடவுள் இருக்கிறாரா, மறுபிறவி உண்டா என்று கேட்பார்கள். எத்திராஜ் மட்டும் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்டார். அதையும் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். எத்திராஜுக்கு அறுபது முடிந்துவிட்டது. வயதைப் பார்த்து அம்மா அவரை அண்ணா என்று கூப்பிடுவார். அவர் அம்மாவை அம்மா என்பார். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

எத்திராஜ் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சரக்கு ரயில் கார்டு என்றால் கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆளாகப் போகிறவர். எஞ்சின் எங்கோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும். ஸ்டேஷன் வந்தால் இவர் பச்சைக் கொடி காட்டுவார், அங்கே நிற்கிறவரும் பச்சைக் கொடி காட்டுவார், அதற்குள் ஸ்டேஷன் போய்விடும். ரயில் எங்காவது நின்றாலும் ஊருக்குள் நிற்பது எஞ்சின்தான். கடைசிப் பெட்டி ஊருக்கு வெளியே முள்காட்டுப் பக்கம் நிற்கும். அவருடைய உத்தியோக காலம் முழுக்க இப்படியே போயிற்று.

இரண்டு தங்கைகளைக் கரையேற்றுவதில் அவருடைய கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அந்தப் பேச்சையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். இப்போது ஜோலார்பேட்டையில் ரயில் சத்தம் கேட்கிற ஒரு வீட்டில் தனியாக இருக்கிறார். சில நாட்களில் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார். சாயங்காலம் தொண்டையைச் செருமிப் பார்ப்பார், குரல் இருக்கிறதா என்று.

கொடி காட்டிவிட்டுப் போன ஊர்களில் ஆரம்பித்து, வடக்கே கட்ச் வரைக்கும் ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு நெடுந்தூரம் தாங்குகிற வண்டி வேண்டும். செகண்ட் ஹேண்டில் இரண்டு வண்டிகள் அகப்பட்டன. ஒரே கம்பெனி, ஒரே பெயர். திருப்பத்தூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் வைத்திருந்தது பழைய மாடல். வாணியம்பாடியில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்தது புது மாடல். மனிதர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

“பழசு கார்பரேட்டர் வண்டிம்மா. எந்தப் பட்டிக்காட்டு மெக்கானிக்கும் கழட்டிப் பூட்டிடுவான். ஆனா எங்க நிக்கும்னு சொல்ல முடியாது. புதுசு வழியில நிக்கவே நிக்காது. ஆனா நின்னுட்டா, கம்ப்யூட்டர் வெச்சிப் பாக்கறவன்தான் வரணும்.”

“உங்க மனசு எதுல இருக்கு?”

“திங்கக்கிழமை பழசுல இருக்கும்மா. செவ்வாக்கிழமை புதுசுக்குப் போயிடுது.”

அம்மா சிரித்தார். பிறகு கேட்டார். “எதுக்குப் பயப்படறீங்கண்ணா?”

எத்திராஜ் தரையைப் பார்த்தார்.

“யாருமில்லாத ரோட்டுல வண்டி நின்னுட்டா என்னம்மா பண்றது? இங்கயே எனக்குன்னு யாரும் இல்ல. அங்கயும் யாரும் இல்லாம, தன்னந்தனியா...”

 

ஸ்டுடியோக்காரர், டாக்டர் இருவருமே ஆசிரமத்துக்கு வந்து போகிறவர்கள். அம்மா சொன்னதும் ஓட்டிப் பார்க்கட்டும் என்று வண்டிகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

“நாளைக்குப் புதுசை எடுத்துக்கிட்டு குப்பம் டவுன் வரைக்கும் போங்க. ரெண்டு கிலோ வேர்க்கடலை வாங்கிட்டு வாங்க. நாளன்னிக்குப் பழசுல போங்க. அப்பவும் ரெண்டு கிலோ.”

“அவ்வளவு கடலை எதுக்கும்மா?”

“திங்கறதுக்குத்தான்.”

சனிக்கிழமை காலையில் எத்திராஜ் புது வண்டியில் கிளம்பினார். வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. ஊர்ப் பெயர்ப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பின்னால் போயின. ஒரு பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பழக்க தோஷம், எத்திராஜின் கை கொடி காட்டுவதற்குப் பாதி உயர்ந்துவிட்டது. கையில் கொடி இல்லை. யாரும் அவரைப் பார்க்கவும் இல்லை. கையை இறக்கி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து கடலைப் பையை அம்மா முன் வைத்தார்.

“வண்டி எப்படி?”

“குத்தம் சொல்ல முடியாதும்மா. ஒரு குலுக்கல் கிடையாது.”

“யாரைப் பாத்தீங்க?”

“கடலைக் கடைக்காரரை.”

“என்ன பேசினீங்க?”

“ரெண்டு கிலோன்னேன்.”

“அவரு?”

“அவரு ஒண்ணும் சொல்லல. போட்டுக் குடுத்தாரு.”

அம்மா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எத்திராஜ் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தார். காலையில் காபி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்து வைக்க யார் இருக்கிறார்கள்? அவர் எடுத்துக் கழுவினார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவருக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டியில் போனவர் மத்தியானம் ஆகியும் வரவில்லை. ஆசிரமத்தில் அவருக்கு எடுத்து வைத்த சாப்பாடு ஆறிப்போயிற்று. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வாசலில் சத்தம் கேட்டது. சட்டையெல்லாம் கிரீஸ். நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் தோற்றார்.

“நின்னு போச்சும்மா!” என்றார் எத்திராஜ். பரிசு விழுந்தவருக்குக்கூட அப்படி ஒரு முகம் இருக்காது.

“எங்க?”

“நாட்டறம்பள்ளி தாண்டினதும் அடங்கிடுச்சி. உதைக்கிறேன், உதைக்கிறேன், எடுக்கல. ஆடு ஓட்டிக்கிட்டு ஒரு அம்மா வந்துச்சி. இன்னாண்ணா, மொரண்டு பண்ணுதான்னு கேட்டுச்சி. ஆட்டை விட்டுட்டு, ரோட்டுல போறவனை எல்லாம் கைகாட்டி நிறுத்துதும்மா எனக்காக. ஒரு மொபெட்காரரு நின்னாரு. என்னை வண்டி மேல உக்கார வெச்சி, பின்னாலயிருந்து ஒத்தக் காலை முட்டுக் குடுத்து, மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தாரு. வழியெல்லாம் அவரு பொண்ணு நர்சுக்குப் படிக்கிற கதை.”

“கடை தொறந்திருந்துச்சா?”

“எங்க? மெக்கானிக் வீட்டுல காது குத்து. வண்டியை அங்கயே தள்ளிக்கிட்டுப் போயிட்டோம். மொதல்ல சாப்புடுங்க, வண்டி எங்க ஓடிடப் போகுதுன்னு பந்தியில உக்கார வெச்சிட்டாங்க. பக்கத்து எலைக்காரரு, நீங்க எந்த வழிச் சொந்தம்னு கேக்கறாரு. நான் முழிக்கிறேன். வண்டி வழிச் சொந்தம்னு மெக்கானிக் சொல்றாரு. பந்தியே சிரிச்சிதும்மா.”

எத்திராஜும் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

“வண்டிக்கு என்னவாம்?”

“கார்பரேட்டர்ல தூசு. கழட்டி ஊதிப் போட்டாரு. வண்டி அப்பவே ரெடி. நான்தான் கிளம்பாம உக்காந்துட்டேன்.”

“கடலை எங்கண்ணா?”

எத்திராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். “குப்பத்துக்கே போகலம்மா. மறந்தே போயிட்டேன்.”

அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அண்ணாந்து குடித்துவிட்டுச் சொன்னார்.

“முடிவு பண்ணிட்டேன். பழசையே வாங்கிடறேன்.”

“கட்ச் வரைக்கும் போகுமா?”

“போகும். அங்கங்க நிக்கும்.”

“நின்னுடுமோன்னுதானே பயந்தீங்க?”

“இப்ப நிக்கணும்னு இருக்கும்மா. வண்டி நின்னாத்தான் ஆளு வர்றாங்க. பேரு கேக்கறாங்க. சாப்ட்டீங்களான்னு கேக்கறாங்க. என்னை அப்படிக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?” எத்திராஜ் முற்றத்தில் நின்ற புது வண்டியைக் கையால் காட்டினார். “அதுல போயிட்டு வந்தேன். ஒருத்தர் முகம்கூட ஞாபகம் இல்ல. அது எங்கயும் நிக்காதும்மா. அதுல போனா, நான் கட்ச் போயும் இப்படியே திரும்பி வருவேன்.”

அம்மா எழுந்து முற்றத்துக்கு இறங்கினார். புது வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தார். எழுந்து பின்சக்கரத்துக்கு வந்து அங்கேயும் குனிந்து பார்த்தார். எத்திராஜ் ஒன்றும் விளங்காமல் பின்னாலேயே வந்து நின்றார்.

“என்னம்மா தேடறீங்க?”

அம்மா நிமிர்ந்தார்.

“இந்த வண்டிக்குப் பிரேக்கே கிடையாதாண்ணா?”