மூன்றாம் தளத்து ஆறு

ஒரு ஸ்டுடியோ ஒரே ஆண்டில் இரண்டு முறை கை மாறியது.

முதல் முதலாளி விற்றபோது வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். இரண்டாமவர் புதிய பலகை மாட்டினார். மூன்றாவதாக வந்த நிறுவனம் அதையும் கழற்றியது. சுவரில் இரண்டு பெயர்களின் தடங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இரண்டையும் வாசிக்க முடியாது. வெயில் சாய்ந்து விழும் காலையில் மட்டும், இன்னும் யாரும் வைக்காத ஏதோ ஒரு பெயர் போலத் தெரியும்.

தயாரிப்பில் இருந்த பதினோரு படங்களில் ஏழு படங்களை நிறுவனம் நிறுத்தியது. மூன்றை வேறொருவருக்குக் கைமாற்றியது. ஒன்று மிஞ்சியது. அதற்கு ஒரே ஒரு நாள் படப்பிடிப்பு பாக்கி.

அந்தப் படத்தின் இயக்குநர் வாசுகி. வயது முப்பத்தொன்பது. இனி அவர் வரத் தேவையில்லை என்று நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் போனது.

அவருடைய இணை இயக்குநர் சுடலைமணி. வயது நாற்பத்தெட்டு. வேறு மூன்று இயக்குநர்களிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். தன்னைவிட இளையவரான வாசுகியைத்தான் குரு என்பார். கூட்டத்தை நிறுத்துவது, நடக்க வைப்பது, மைக்கில் 'சைலன்ஸ்' சொல்வது அவர் வேலை. பதினேழு வருடத்தில் ஒருமுறைகூட 'ஆக்‌ஷன்' சொன்னதில்லை.

நிறுவனத்தின் கண்ணாடி அறைக்கு அவரை அழைத்தார்கள். நிதின் என்ற இளைஞன் எழுந்து நின்று கை கொடுத்தான்.

"நீங்க முடிச்சுக் குடுங்க சார். இயக்கம்னு உங்க பேரே போடலாம். முடிவை மட்டும் மாத்தணும்."

"மாட்டேன்னு சொன்னா?"

"படத்தை அப்படியே மூடி வச்சிடுவோம். யாரும் பார்க்க மாட்டாங்க."

மிரட்டுகிற குரல் இல்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னான்.

வெளியே வந்து வாசுகிக்குப் போன் செய்தார் சுடலைமணி. எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் கேட்டார்.

"நான் இதைப் பண்ணலாமா மேடம்?"



"நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீங்க?"

"ஏழு மணிக்கு."

"சரி மணிண்ணே" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, ஸ்டுடியோவின் மூன்றாம் படப்பிடிப்புத் தளத்துக்குள் ஒரு ஆறு இருந்தது. தார்ப்பாய் விரித்து இரண்டடி ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். எதிர்ச்சுவரில் திரை கட்டி விடியலை வரைந்திருந்தார்கள். கரையில் மரத்தாலான படித்துறை. சட்டிகளில் சாம்பிராணி போட்டு நான்கு பேர் ஆற்றைச் சுற்றி நடந்தார்கள். புகை பனியாகித் தண்ணீரின்மேல் படர்ந்தது. மேலே இரும்புச் சட்டங்களில் குடியிருந்த புறாக்கள் அதை நிஜமான விடியல் என்று நம்பி முனகத் தொடங்கின.

பரணில் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தவர் கீழே குனிந்தார்.

"அண்ணே, பதினேழு வருஷமா சைலன்ஸ் சொன்ன வாய். இன்னிக்கு ஆக்‌ஷன் வருமா, இல்ல பழக்கதோஷத்துல அதுவே வருமா?"

"நீ விளக்கைப் பாருய்யா."

எடுக்க வேண்டியது ஒரே காட்சி. போன கணவனுக்காகத் தினமும் படித்துறையில் நிற்கிறாள் ஒரு பெண். படகு வருகிறது. வாசுகி எழுதியதில் அவன் அந்தப் படகில் இல்லை. கூட்டம் முழுவதும் திரும்பி அவளைப் பார்க்கும். நிறுவனம் கேட்டதில் அவன் வந்து இறங்குவான். கூட்டம் முழுவதும் அவனைப் பார்த்துச் சிரிக்கும். கணவனாக நடிப்பவர் மேக்கப் போட்டுப் படகில் உட்கார்ந்திருந்தார். அவரை இறக்குவதா வேண்டாமா என்று சுடலைமணி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

துணை நடிகர்களை அழைத்துவரும் ஏஜெண்ட் கோதண்டம் கூட்டத்தைப் படித்துறையில் நிறுத்தினார். சுடலைமணி மானிட்டரைப் பார்த்தார். முதல் முறையாக அதன் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், விளிம்பில்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண். கிளிப்பச்சை நூல்சேலை. கையில் மீன்கூடை. பனி வந்து மறைத்தது. விலகியது.

அவர் எழுந்து படித்துறைக்கு நடந்தார்.

"மேடம்."

"மெதுவா" என்றார் வாசுகி. "என்னை முப்பதாவது ஆளா உள்ள விட்டிருக்காங்க."

"வாசல்ல லிஸ்ட் வச்சிருக்காங்களே?"

"லிஸ்ட்ல பேரைத்தான் பார்க்கிறாங்க. கூட்டத்துக்கு ஏது பேர்? வேனுக்குள்ள தலையை எண்ணிட்டு விட்டுட்டாங்க. கோதண்டத்துக்கு ஒரு ஆள் குறைஞ்சுது, வந்தேன்."

பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார், "சாருக்குத் தெரிஞ்ச பொண்ணா? அப்ப முன்வரிசைல நிறுத்துங்களேன் சார். பாவம், புதுசு போல. நிக்கவே தெரியல."

வாசுகி தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பு.

சுடலைமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நேத்து ஒண்ணு கேட்டேனே மேடம். நான் பண்ணலாமான்னு."

வாசுகி கூடையைத் தூக்கிக் காட்டினார். "இதை எப்படிப் பிடிக்கணும்?"

"இடுப்புல வைங்க. ரொம்ப நேரமா காத்திருக்கிறவங்க கையில பிடிக்க மாட்டாங்க."

இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"எந்த முடிவை எடுக்கட்டும்? அதையாவது சொல்லுங்க."

"கூட்டத்துக்குக் கதை சொல்ற வழக்கம் உண்டா மணிண்ணே? இத்தனை வருஷத்துல நீங்க சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"என்ன சொல்வீங்க?"

"எங்க நிக்கணும்னு சொல்வேன். எந்தப் பக்கம் பார்க்கணும்னு சொல்வேன்."

"எங்க நிக்கணும்னு கோதண்டம் சொல்லிட்டார்" என்றார் வாசுகி. "எந்தப் பக்கம் பார்க்கணும்னு இன்னும் யாரும் சொல்லல."

சாம்பிராணிச் சட்டி ஒன்று அவர்களைக் கடந்து போனது. ஒரு நிமிடம் ஒருவருக்கொருவர் தெரியவில்லை.

அந்தப் புகைக்குள் சுடலைமணிக்குச் சங்கரன்கோவில் பேருந்து நிலையம் வந்தது. ஒன்பது வயது. அப்பா வருவதாகச் சொன்ன பஸ் வந்து, எல்லாரும் இறங்கி, காலியாகத் திரும்பிப் போனது. அம்மா அவர் கையைப் பிடித்தபடி நின்றாள். சுற்றிலும் எத்தனையோ பேர். ஒருவரும் அவர்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்காததால்தான் அம்மாவால் அன்று அழ முடிந்தது.

அவர் திரும்பி வந்து மைக்கை எடுத்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"எல்லாரும் கேளுங்க. இப்ப வர்ற படகை யாரும் பார்க்க வேண்டாம். முன்னாடி நிக்கிற அந்தம்மாவையும் பார்க்க வேண்டாம். இது உங்க படகு இல்ல. உங்களுது அடுத்தது. அது வருதான்னு பாருங்க."

பெரியவர் கை தூக்கினார். "அடுத்த படகு எங்க சார் இருக்கு?"

"இல்ல."

"இல்லாததை எப்படி சார் பார்க்கிறது?"

"சினிமால எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"முப்பது வருஷம்."

"அப்ப உங்களுக்குத் தெரியும். பாருங்க."

கூட்டம் சிரித்து அடங்கியது.

நிதின் அருகே வந்தான். "சார், இது நாங்க குடுத்த பேப்பர்ல இல்லையே."

"இல்ல."

"பழைய பேப்பர்லயும் இல்லையே."

"இல்ல தம்பி."

"கணவர் வருவாரா?"

"படகுல நாலு பேர் இருக்காங்க. நாலு பேரும் இறங்குவாங்க."

சாம்பிராணி போடுபவர்களிடம், இன்னொரு பிடி போடச் சொன்னார். பிறகு அமைதி. அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. 'ஆக்‌ஷன்' என்றார். குரல் பாதியில் உடைந்தது. ஆனாலும் கயிறு பிடித்தவர்கள் இழுத்தார்கள். படகு புறப்பட்டது.

வரைந்த விடியலிலிருந்து அது மெல்லப் பிரிந்து வந்தது. தண்ணீரில் சத்தமே இல்லை. படித்துறையில் முப்பது பேர் அதற்கு அப்பால் இருந்த வேறொன்றைப் பார்த்தபடி நின்றார்கள். நாலு உருவங்கள் இறங்கின. பனிக்குள் யாருக்கும் முகம் இல்லை. முன்னால் நின்ற பெண் ஓர் அடி வைத்தாள். நின்றாள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது போல, முகம் மெதுவாக அவிழ்ந்தது. ஒரு புறா ஆற்றின் குறுக்கே பறந்தது. அதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

'கட்' சொல்ல அவர் மறந்துபோனார். கேமராக்காரர்தான் திரும்பிப் பார்த்தார்.

நிதின் மானிட்டரில் மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான்.

"நல்லா இருக்கு சார்" என்றான். பிறகு தயங்கி, "முகம் தெரியுற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுத்துடுங்க. கேட்பாங்க."

சுடலைமணி அதையும் எடுத்துக் கொடுத்தார். புகையைக் குறைத்து, கணவனாக நடிப்பவரை முன்னால் இறக்கினார். கூட்டத்தை மட்டும் மாற்றவில்லை. இரண்டும் பதிவாகிப் போயின. எது படத்தில் வரும், படமே வருமா என்பது அன்று அந்தத் தளத்தில் இருந்த எவருக்கும் தெரியாது. அதற்குள் நான்காவதாக யாரோ வாங்கப் போவதாகப் பேச்சு இருந்தது.

படப்பிடிப்பு முடிந்ததற்கு வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். ஆற்றைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் சிமெண்ட் தரையில் வழிந்து, வரைந்த விடியலின் அடிப்பகுதியை நனைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நடுப்பகல் வெயிலுக்குள் போனது.

கூட்டம் வேனில் ஏறிக்கொண்டிருந்தது. கோதண்டம் தலைகளை எண்ணினார். கடைசியாக நின்றிருந்த வாசுகியிடம் சுடலைமணி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. பதினேழு வருடத்தையும் சேர்த்துக் கேட்பவர் போல நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க மேடம். நான் எடுத்தது சரியா இருந்துச்சா?"

வாசுகி கூடையை இடுப்பிலிருந்து இறக்கி அவர் கையில் கொடுத்தார்.

"எனக்கு எப்படித் தெரியும் டைரக்டர் சார்? நான் அடுத்த படகைப் பார்த்துட்டிருந்தேன்."