அலமாரிக்குள் இருந்த நான்காவது மைக்

"என்னால முடியலைங்கம்மா. சத்தம் ஒரு நாளைக்கு இருக்கற மாதிரி மறுநாள் இருக்க மாட்டேங்குது."

வடிவாம்பாள் இதைச் சொன்னபோது காலை ஏழு மணி. குருவின் கையில் கஞ்சி டம்ளர் இருந்தது.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு, அக்கா?"

"எங்கீங்க நல்லா இருந்துச்சு? மூணாவது தூண்கிட்ட மந்தமா இருந்துச்சு. நீங்க 'ச' சொல்றப்பல்லாம் காது கூசுச்சு. இதுல ஃபேன் இரைச்சல் வேற."

"நேத்து நான் என்ன பேசினேன்?"

வடிவாம்பாள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"ரெண்டு தடவை மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிட்டீங்க," என்றாள்.

குரு கஞ்சியைக் குடித்தார்.

*

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. வடிவாம்பாளுக்கு ஐம்பத்தொன்று. ஆசிரமத்தில் எல்லாரும் குருவை அம்மா என்பார்கள். அம்மா வடிவாம்பாளை அக்கா என்பார்.

வடிவாம்பாள் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆசிரமத்துக்கு வந்து ஐந்து வருடம் சமையலறையில் காய் நறுக்கினாள்.

போன வருடம் மண்டபத்துத் தூண்களில் எட்டு ஸ்பீக்கர் மாட்டினார்கள். பின்சுவர் ஓரமாக ஒரு டிஜிட்டல் மிக்சரை வைத்தார்கள். மாட்ட வந்த சேலத்துப் பெண், யாராவது கற்றுக்கொள்ளுங்கள் என்று இரண்டு நாள் தங்கினாள். ஆறு பேர் உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் ஐந்து பேர் எழுந்து போய்விட்டார்கள்.

வடிவாம்பாள் மட்டும் நோட்டில் எழுதினாள். எழுத வராததைப் படமாக வரைந்தாள்.

மிக்சருக்கு முன்னால் இருந்த நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. அதற்கு முன் எந்த நாற்காலியையும் யாரும் வடிவாம்பாளுடையது என்று சொன்னதில்லை.

*

"நாளைக்கு மாசக் கூட்டமுங்க. நிர்வாகி சொல்லிட்டாருங்கம்மா."

"என்ன சொன்னார்?"

"போன மாசம் மாதிரி இந்த மாசமும் விசில் அடிச்சா, டவுன்ல இருந்து ஆளைப் போட்டுக்கறோம், நீங்க சமையக்கட்டுக்கே போயிடுங்கன்னு."

போன மாதக் கூட்டத்தில் பின்வரிசைக்காரர் ஒருவர் கேட்கவில்லை என்று கை காட்டினார். வடிவாம்பாள் ஏற்றினாள். இன்னொருவர் கை காட்டினார். இன்னும் ஏற்றினாள். ஸ்பீக்கரில் வந்த சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பிப் போய், எட்டு ஸ்பீக்கரும் ஒரே குரலில் வீறிட்டன. குழந்தைகள் அழுதன. ஒரு பெரியவர் காதிலிருந்த மிஷினைப் பிடுங்கி வீசினார். அது இன்னும் கிடைக்கவில்லை.

"நிர்வாகிக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணு நாளா தூக்கமே இல்லைங்கம்மா."

"அது எனக்குச் சொல்றது. அவருக்கு?"

"சரிங்கன்னு சொன்னேன்."

அம்மா எழுந்தார். "வாங்க, நான் மைக்குல பேசிப் பார்க்கறேன். நீங்க சரி பண்ணுங்க."

*

மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு தள்ளுகட்டை. அது சத்தத்தை ஏற்ற, இறக்க. ஆனால் குரலைக் கூர்மையாக்கவும் மழுக்கவும் இருந்த குமிழ்கள் ஒரே ஒரு வரிசைதான். எந்த மைக்கின் பட்டனை அழுத்துகிறோமோ, குமிழ்கள் அந்த மைக்குக்கு வேலை செய்யும்.

இது நோட்டில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சிவப்பு மையில்.

"பேசுங்கம்மா."

"என்ன பேச?"

"ஏதாவதுங்க."

"வாழைக்காய்," என்றார் அம்மா.

வடிவாம்பாள் ஒரு குமிழைத் திருகினாள். "இன்னொரு தடவைங்க."

"வாழைக்காய்."

மூன்றாவது தூணுக்கு ஓடினாள். காதைச் சாய்த்தாள். திரும்பி ஓடி வந்தாள். திருகினாள்.

"வாழைக்காய்."

"கொஞ்சம் கரகரங்குது. இருங்க, இருங்க. சொல்லுங்க."

"வாழைக்காய்."

"ஆங்! எப்படித் தெளிஞ்சுது பாருங்க! இப்ப ஒரு மயிரிழை குறைச்சா போதும். சொல்லுங்கம்மா."

ஒரு மணி நேரம் போனது. சமையலறையிலிருந்து ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தாள்.

"போதுங்கம்மா. நீங்க சொல்லச் சொல்ல அரை மூட்டை நறுக்கியாச்சு," என்றாள்.

அம்மா மேடையிலிருந்து இறங்கினார். மிக்சருக்குப் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார்.

"இதுல நாலுன்னு போட்டிருக்கே."

"ஆமாங்க. நாலாவது மைக்."

"நான் எதுல பேசினேன்?"

"ஒண்ணுலைங்க."

"நாலு எங்க இருக்கு?"

"அது சுவிட்ச் உடைஞ்சு போச்சுங்க. அலமாரிக்குள்ள..."

வடிவாம்பாள் நிறுத்தினாள். காலையில் தூசி துடைக்கும்போது நான்காம் பட்டன் அழுந்தியிருக்க வேண்டும். ஒரு மணி நேரமாக அவள் திருகியதெல்லாம் அலமாரிக்குள் இருந்த மைக்குக்கு.

"ஆனா கேட்டுச்சுங்களேம்மா! சத்தியமாத் தெளிஞ்சுச்சு. என் காதால கேட்டேன்."

"ஆமாக்கா. கடைசி வாழைக்காய் எனக்கும் நல்லா இருந்த மாதிரிதான் இருந்துச்சு."

வடிவாம்பாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இதுக்கு ஆக மாட்டேங்க. இன்னைக்கே சமையக்கட்டுக்குப் போயிடறேன். அவரு சொல்லிப் போறதுக்கு நானே போயிடறது மேலு."

"அரை மூட்டை வாழைக்காய் ஏற்கெனவே நறுக்கியாச்சு. அங்க வேலை இல்லை."

வடிவாம்பாளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"சேலத்துப் பொண்ணு போறப்ப எதையோ பதிஞ்சு வெச்சுட்டுப் போச்சே?"

"ஒண்ணாம் நம்பர் பதிவுங்க. எதையாவது குழப்பிட்டீங்கன்னா இதை அழுத்துங்க, நான் வெச்சபடியே எல்லாம் வந்துடும்னு சொல்லுச்சு."

"அழுத்தியிருக்கீங்களா?"

"ஒரு தடவைகூட இல்லைங்க."

"ஏன்?"

"ஒரு வருசத்துக்கு முன்ன வெச்சதுங்க. இன்னைக்கு அது எப்படிச் சரியா இருக்கும்?"

அம்மா மிக்சரின் மேல் குனிந்தார். பட்டன் எது என்று கண்ணால் கேட்டார். வடிவாம்பாள் காட்டினாள். அம்மா அழுத்தினார்.

தள்ளுகட்டைகள் தாமாகவே நகர்ந்தன. சர்ரென்று ஏறியது ஒன்று, இறங்கியது ஒன்று. பிறகு எல்லாம் நின்றன.

"நாளைக்கு ரெண்டாவது மைக்கைக் கேள்வி கேட்கறவங்ககிட்ட கொடுப்போம். அதுக்குத் தேவைன்னா மட்டும் பாருங்க. மத்ததைத் தொட வேண்டாம்."

"தொடாம எப்படிங்கம்மா உட்கார்றது? எங்கையி சும்மா இருக்காதுங்க."

"சும்மா ஏன் இருக்கணும்? அரிச்சா நாலைத் தள்ளுங்க."

*

ஞாயிற்றுக்கிழமை நானூறு பேர் வந்தார்கள்.

நிர்வாகி பூவராகன் மூன்றாவது தூணில் சாய்ந்து கைகட்டி நின்றார். அம்மா பேச ஆரம்பித்தார்.

பத்தாவது நிமிடம் பின்வரிசையில் ஒருவர் காதைத் தொட்டுக் காட்டினார்.

வடிவாம்பாளின் கை ஒன்றாம் கட்டைக்குப் போனது. விரல் அதைத் தொட்டும்விட்டது.  கையை இழுத்து நான்காவதில் வைத்து ஒரு விரல்கடை ஏற்றினாள்.

அந்த மனிதர் தலையை ஆட்டினார். இப்போது பரவாயில்லையாம்.

வடிவாம்பாள் அவரையே பார்த்தாள்.

சற்று நேரத்தில் பூவராகன் கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். நான்காவதைக் கொஞ்சம் இறக்கினாள். பூவராகனும் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். விசில் வரவில்லை. எதுவும் வரவில்லை. கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் காது அம்மாவின் பேச்சுக்குப் போனது. ஏதோ ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நுழைந்ததால் முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கூட்டம் சிரித்தபோது வடிவாம்பாளும் சிரித்தாள்.

கேள்வி நேரம் வந்தது. இரண்டாவது மைக் ஒரு பெண்ணின் கைக்குப் போனது. நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த நூல் சேலை. மைக்கை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"கேக்கலை! கேக்கலை!" என்றது கூட்டம்.

பூவராகன் தூணை விட்டு நிமிர்ந்தார். போன மாதமும் கேட்கவில்லை என்றபோதுதான் வீறிட்டது.

வடிவாம்பாளின் கை நான்காவதில் இருந்தது. எடுத்தாள். கண்ணை மூடி, அந்தப் பெண்ணின் குரல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டாள். இரண்டாவது கட்டையை மெல்ல ஏற்றினாள். குரல் கூட்டத்தின் மேல் எழுந்து நின்றது. அங்கேயே விட்டாள்.

"...ராசாமணிங்க, பேளுக்குறிச்சி. எம்பையன் கோவிச்சுக்கிட்டுப் போயி ரெண்டு வருசமாச்சுங்க. தெனமும் அவனுக்கும் சேத்துத்தான் சோறு ஆக்கறேன். அன்னன்னிக்கு வீணாப் போவுது. எங்க ஊட்டுக்காரரு திட்டறாரு. நான் நிறுத்திப்போடறதுங்களா?"

அம்மா ராசாமணியைப் பார்த்தார். மண்டபத்தில் பதினாறு ஃபேன் சுற்றியது. வடிவாம்பாளுக்கு அது கேட்கவில்லை.

"இன்னைக்கும் ஆக்கினீங்களா?" என்றார் அம்மா.

"ஆக்கி மூடி வெச்சுட்டுத்தானுங்க பஸ் ஏறினேன்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை.

யாரும் "கேக்கலை" என்று சொல்லவில்லை.

*

கூட்டம் கலைந்ததும் பூவராகன் மிக்சர் பக்கம் வந்தார். நாற்காலி காலியாக இருந்தது. நோட்டு திறந்தபடி கிடந்தது. மிக்சரை யாரும் அணைக்கவில்லை.

அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"ஒரு கீச்சுகூட இல்லைங்கம்மா இன்னைக்கு. இனிமே அக்காவே இருக்கட்டும்னு சொல்ல வந்தேன்." அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மிக்சரைப் பார்த்தார். "ஆனா அந்த மூணாவது தூண்கிட்ட மட்டும் சித்தே மந்தமா..."

அவர் கை நீண்டது.

"நாலைத் தள்ளுங்க," என்றார் அம்மா.

பூவராகன் தள்ளினார். ஆளில்லாத மண்டபத்தைப் பார்த்துக் காதைச் சாய்த்தார்.

"இப்ப சரியாப் போச்சுங்க," என்றார். "அக்கா எங்கீங்கம்மா?"

அம்மா ஜன்னலைக் காட்டினார்.

சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி வரிசையில் இரண்டு இலை போட்டிருந்தது. ராசாமணி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேசினாள். நிறுத்தினாள். மறுபடியும் பேசினாள்.

எதிரில் வடிவாம்பாளின் இலையில் வாழைக்காய் வைத்தது வைத்தபடி இருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.