எழுதாத கட்டம்

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்கு ஆவுடையப்பன் வந்து சேர்ந்தபோது, அங்கிருந்தவர்களில் அவர்தான் வயதில் மூத்தவர். வேலையில் கடைக்குட்டி. அரசு மருத்துவமனையில் குழந்தைகள் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த பெனடிக்டா அவருடைய மகளைவிடச் சின்னவள். எல்லாரும் அவளை டீச்சர் என்றார்கள். அவரும் டீச்சர் என்றார். அங்கே வேலை பார்த்த ரிபாயா மட்டும், வார்டில் புதிதாகச் சேர்ந்த நோயாளியைச் சொல்வதுபோல், அவரை 'நியூ அட்மிஷன்' என்பாள். நியூ அட்மிஷன் இன்றைக்கு எப்படி இருக்கிறது, சாப்பாடு இறங்கியதா என்று அவர் முன்னாலேயே மற்றவர்களிடம் விசாரிப்பாள். அவர் சிரித்துக்கொள்வார்.

ஒவ்வொரு மருத்துவமனையும் நோயாளிகளைப் பற்றித் தன் போக்கில் எழுதி வைத்திருக்கிறது. ஓரிடத்தில் வார்த்தையாக இருப்பது இன்னோரிடத்தில் எண்ணாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்க முடியும். அப்படிக் கொண்டுவருகிற மென்பொருளைத்தான் அங்கே செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு விலை கிடையாது, பூட்டும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே திறந்து பார்க்கலாம், தன் தேவைக்கு மாற்றியும் கொள்ளலாம்.

ஆவுடையப்பன் ஒரு கேள்வியோடு வந்திருந்தார். முதல் நாளே அதை டீச்சரிடம் சொல்லிவிட்டார்.

அவருடைய ஸ்கூட்டர் பஞ்சராகி ஒரு ஒர்க்ஷாப்பில் நிறுத்தியிருக்கிறார். வேலை செய்துகொண்டிருந்த இளைஞனைப் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறார். அவன் திரும்பவில்லை. தோளைத் தொடுங்க சார், அவனுக்குக் கேக்காது என்று கடைக்காரர் சொன்னார். அந்த நேரம் சாப்பாடு கொண்டுவந்த அவன் அம்மா இவரை அடையாளம் கண்டுகொண்டாள். பிறந்த வாரத்திலேயே ரத்தத்தில் கிருமி ஏறிப் பிழைக்காது என்று கைவிட்ட பிள்ளையை இந்த டாக்டர்தான் ஊசி போட்டுக் காப்பாற்றினார் என்று அங்கிருந்த எல்லாரிடமும் சொன்னாள். காது மட்டும் பிறவியிலேயே போச்சு, அதுக்கு நீங்க என்ன செய்வீங்க சாமி என்று அவர் காலைத் தொட்டாள்.

அந்த ஊசி எதுவென்று அவருக்குத் தெரியும். வார்டில் எப்போதும் கையிருப்பில் இருந்தது அது ஒன்றுதான். அளவு கொஞ்சம் கூடினாலும், சில நாள் அதிகமாகப் போட்டாலும் காதைத் தொடும் என்பதும் தெரியும். ஆனால் கிருமியே காதைக் கெடுத்திருக்கலாம். அவன் குறைமாதத்தில் பிறந்திருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம். அவர் அந்த ஊசியைத் தன் பணிக்காலம் முழுவதும் போட்டவர்.

"ஒரு பிள்ளையை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது டீச்சர்," என்றார்.

"அப்ப எல்லாப் பிள்ளைங்களையும் கொண்டு வாங்க," என்றாள் அவள்.

மருத்துவமனையில் மனு கொடுத்து நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். வார்டின் பழைய விவரங்களை ஏற்கெனவே கணினியில் ஏற்றி வைத்திருந்தார்கள். பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டுக் கொடுத்தார்கள். கையால் எழுதிய பழைய தாள்களைக் கேட்டபோது, அவை காகித ஆலைக்குப் போய்விட்டன என்றார்கள். எந்த வரி எந்தக் குழந்தை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதுதான் விதி. அது நியாயம் என்றே அவரும் நினைத்தார்.

பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். டீச்சர் சொல்லிக்கொடுக்கிற விதமே வேறு. அவருடைய கணினியில் அவள் கை வைக்க மாட்டாள். ஏன் ஓடவில்லை என்று கேட்டால், திரையில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்பாள். அவர் படிப்பார். இன்னொரு தடவை என்பாள். இரண்டாவது தடவை படிக்கும்போது பெரும்பாலும் அவருக்கே விளங்கிவிடும். முதுநிலைப் படிப்பில்கூட இப்படி யாரும் தன்னை வாட்டியதில்லை என்று ரிபாயாவிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் நோயாளி தேறி வருகிறார் என்றாள் அவள்.

கடைசியில் வார்டு விவரங்கள் எல்லாம் மென்பொருளில் பொருந்தின. எடை, ஊசி, அளவு, போட்ட நாட்கள் எல்லாம் ஒழுங்காக வந்து அமர்ந்தன. ஒரு மத்தியானம் தன் கேள்வியை அவர் ஓடவிட்டார். அந்த ஊசி போட்ட குழந்தைகளுக்குக் காது போனதா?

போதிய விவரம் இல்லை என்று வந்தது.

திரையை இரண்டு தடவை படித்தார். பிறகு உள்ளே போய்ப் பார்த்தார். ஊசிக் கட்டத்தில் ஒரு விடுதல் இல்லை. ஸ்டோர் கணக்கு இடிக்கக் கூடாது என்று நர்சுகள் அதை எழுதாமல் விட்டதே இல்லை. குழந்தைகள் தடுப்பூசிக்குத் திரும்பி வரும்போது நிரப்ப வேண்டிய கட்டங்கள் சில இருந்தன. அவற்றில் செவித்திறன் என்று ஒன்று. கிட்டத்தட்ட எல்லா வரியிலும் அது மட்டும் காலியாகக் கிடந்தது.

டீச்சரை அழைத்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் நிதானமாக விளக்கினார். அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் கிடக்கிற இடம். கோளாறு இருந்தால் எழுது, இல்லாவிட்டால் விட்டுவிடு என்று பயிற்சி மருத்துவர்களிடம் சொல்லி வைத்திருந்தது. சொல்லி வைத்தவரே அவர்தான். எனவே அந்த வார்டைப் பொறுத்தமட்டில், எழுதாமல் விட்டிருந்தால் கோளாறு இல்லை என்று பொருள். மென்பொருள் அதைத் தெரியாது என்று எடுத்துக்கொள்கிறது. அது வார்டை அறியாததால் வரும் பிழை. காலியாக இருப்பதை 'இல்லை' என்று மாற்ற ஒரு விதி சேர்த்தால் போதும். எழுதியும் வைத்திருக்கிறார். இதே வழக்கம் உள்ள மருத்துவமனைகள் நிறைய உண்டு, அவர்களுக்கும் உதவும்.

டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"காலியா விட்டவங்க, பார்த்துட்டு விட்டாங்களா சார்? பார்க்காமலே விட்டாங்களா?"

"பார்த்திருப்பாங்க."

"எப்படிப் பார்ப்பாங்க?"

"கருவி எல்லாம் அப்ப ஏது. பிள்ளைக்குப் பின்னால நின்னு கை தட்டிப் பார்க்கிறதுதான்."

"தட்டினாங்களா?"

ஆவுடையப்பன் தன் வார்டை நினைத்துப் பார்த்தார். தடுப்பூசி நாளில் வாசலைத் தாண்டி நிற்கிற வரிசை, ஒரே நேரத்தில் அழுகிற அத்தனை பிள்ளைகள், ஒரு பிள்ளையை இறக்கும் முன்பே அடுத்ததை மேசையில் ஏற்றுகிற தாய்மார்கள். அந்தச் சத்தத்தில் கை தட்டினால் தட்டியவனுக்கே கேட்காது.

"சில பேர் தட்டியிருக்கலாம்," என்றார்.

அவள் வாதாடவில்லை. எல்லாரும் எடுத்துக்கொள்கிற பொதுப் பிரதியில் அந்த விதியைச் சேர்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அதை எடுத்துப் போகிறவர்களுக்கு அவருடைய வார்டு தெரியாது. பிறகு, முதல் தடவையாக, அவருடைய விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். மென்பொருளின் உட்பகுதியைத் திறந்து, தேடி, ஒரு வரியில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இதுதான் அந்த இடம். உங்க பிரதியில நீங்க மாத்திக்கலாம்."

"நீங்க சம்மதிக்கிறீங்களா?"

"என் சம்மதம் எதுக்கு? இதுக்குப் பூட்டு கிடையாது சார்."

விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து தன் மேசைக்குப் போய்விட்டாள்.

அவர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது தடுப்பார்கள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ரிபாயா காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். டீச்சர் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

மாற்றினார். சின்ன வேலை. ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லை வைத்தார். கேள்வியை மறுபடி ஓடவிட்டார்.

இந்தத் தடவை பதில் வந்தது. மேலிருந்து கீழ்வரை கட்டங்கள் நிரம்பியிருந்தன. ஊசி போட்ட குழந்தைகளிடம் செவிக்குறை அநேகமாக இல்லை. ஊசிக்கும் காதுக்கும் தொடர்பு தென்படவில்லை. அவர் பணிக்காலத்தின் முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டுவரை ஒரே நேர்கோடு, எங்கேயும் ஏறாமல் போயிற்று.

இந்த ஒரு கோட்டுக்காகத்தான் இத்தனை மாதம் மாடிப்படி ஏறியிருக்கிறார். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கும் என்று நினைத்திருந்தார். காத்திருந்தார். ஒன்றும் இறங்கவில்லை.

"டீச்சர்," என்று கூப்பிட்டார். தன் குரல் தனக்கே சிறு பிள்ளையின் குரல்போல் கேட்டது.

அவள் வந்து பின்னால் நின்று முழுவதையும் படித்தாள். மற்றவர்களின் வேலையை எப்படிப் படிப்பாளோ அதே கவனத்தோடு, அவசரப்படாமல் படித்தாள்.

"கணக்கு சரியா இருக்கு சார்."

"பிசகு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"பழைய மாதிரி திருப்பி வச்சா?"

"பதில் வராது."

"பிறகு எப்பவாவது வருமா?"

"அதுக்குப் பிள்ளைங்க வேணும். பேர் இல்ல, ஊர் இல்ல, தாளும் இல்ல. வராது."

ஆவுடையப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திரை மங்கி, அந்தக் கோடு மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது.

"அப்ப இதை நான் நம்பலாமா டீச்சர்?"

அவள் நிரம்பியிருந்த கட்டங்களைக் காட்டினாள்.

"கேட்டதும் நீங்கதான், பதில் சொன்னதும் நீங்கதான் சார். நடுவுல ஒரு பிள்ளையும் வரல."