விளம்பரம் வீணாகக் கூடாது

கோணக்காட்டுப்புதூரில் மூன்று சகோதரர்கள். இப்படியும் ஆட்கள் உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு, ஓட்டும் போடுகிறார்கள்.

மூத்தவர் மாரப்பன், அடுத்தவர் நாச்சிமுத்து, இளையவன் செங்கோடன். செங்கோடனை மாப்பிள்ளை பார்க்க பெண்ணைப் பெற்ற அர்த்தநாரி என்பவர் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. மூவருக்கும் சாம்பார் வைக்கத் தெரியாது. போனில் ஓர் இலவசச் சமையல் தளத்தைத் திறந்தார்கள்.

சாம்பாருக்குப் பதில் ஓர் அறிவிப்பு வந்தது: "உங்கள் போனில் விளம்பரத் தடுப்பான் இருக்கிறது. எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்!"

நாச்சிமுத்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் யாரையும் அடிக்கலீங்கண்ணா."

"விளம்பரத்தை நாம பார்த்தாத்தான் அவங்களுக்குச் சோறு. ஓசியில படிச்சுப்போட்டு அதை மறைக்கறது, கல்யாணத்துல தின்னுபோட்டு மொய் வைக்காம ஓடற மாதிரி" என்றார் மாரப்பன்.

"மொய் வைக்கலாமுங்கண்ணா. ஆனா பந்தியில நம்ம எலையை மறைச்சுக்கிட்டு நாலு பேரு ஜட்டி வித்தா?" என்று கேட்டான் செங்கோடன்.

"வாங்கோணும். அதான் தர்மம்."

தடுப்பானை எடுத்தார்கள். 'துவரம்பருப்பைக் கழுவி' என்ற வரியின் மேல் பளிச்சென்று குதித்தது: "இடுப்பு வலியா?"

மூவரில் யாருக்கும் வலி இல்லை.

"பாவம், காசு போட்டுக் கேக்கறாங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றார் மாரப்பன்.

நாச்சிமுத்து பரண்மேல் ஏறிக் குதித்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. "இப்ப வலிக்குதுங்கண்ணா!" என்று முனகியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

புளி கரைக்கும் இடத்தில் அடுத்தது வந்தது: "வழுக்கையா? கவலை வேண்டாம்!"

மாரப்பன் சவரக்கத்தியை எடுத்தார். கல்யாணத்துக்கென்றே செங்கோடன் எண்ணெய் தேய்த்து வளர்த்த சுருட்டை முடி தரையில் விழுந்தது. அவன் அழுதான். அப்போதும் நேர்மை தவறாமல், விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே அழுதான். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

அர்த்தநாரி வந்தார். வளைந்து நின்றவரைப் பார்த்தார், மொட்டையைப் பார்த்தார், கரிந்த சாம்பாரையும் வாயில் வைத்துப் பார்த்தார். ஆனால் மனுஷன் தங்கம்.

"முடி வளருமுங்க. பையன் அடக்கமா இருக்காப்ல. எம் பொண்ணுக்கும் போட்டோவைப் பார்த்துப் புடிச்சுப்போச்சு. தட்டு மாத்திக்கலாமுங்களா?"

செங்கோடனுக்கு மொட்டை வரைக்கும் வெட்கம் ஏறியது. அந்த நேரம் பார்த்துப் போன் மின்னியது: "வரன் அமையவில்லையா? இன்றே பதிவு செய்யுங்கள்!"

அண்ணன்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். செங்கோடன் நெடுஞ்சாண்கிடையாக அர்த்தநாரியின் காலில் விழுந்தான்.

"மாமா, தயவுபண்ணி என்னைப் புடிக்கலைன்னு சொல்லிப்போடுங்க. அவங்க பொழப்புல மண்ணைப் போட எனக்கு மனசு வரலீங்க!"