கந்தையாவின் மூன்று டம்ளர்

உலகம்மை வைத்தியர் ஆற்றுத் தண்ணீரில் ஒரு வாய் குடித்தால், மேலே எந்த ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவார் என்று அந்த மலையடிவாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அவ்வளவெல்லாம் கிடையாது. மூன்று ஊருக்குள் என்றால் சொல்வார்.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அவருடைய சீடர் நல்லபெருமாளுக்கு அறுபத்து மூன்று. சர்வே இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டுவிட்டு, ஓய்வு பெற்ற மறு மாதமே பெட்டியும் கையுமாக வைத்தியம் படிக்க வந்தவர். நோயாளிகள் கொண்டுவரும் காலைச் சிறுநீரை வாங்கி, பாட்டிலில் பெயர்ச் சீட்டு ஒட்டி, வரிசையாக அடுக்குவது அவர் வேலை. அடுக்கினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

ஆறு மாதமாக அவருக்கே நீர் சரியாக இறங்கவில்லை. எரிந்தது. உட்கார்ந்தால், கொதிக்கிற புளியங்கொட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தது போல் வலித்தது. அவருடைய அப்பா நீர் அடைத்துத்தான் போய்ச் சேர்ந்தார். தனக்கும் அதுதான் என்று நல்லபெருமாள் தீர்மானமே பண்ணிவிட்டார். வெள்ளிக்கிழமை காசிக்குக் கிளம்பும் கூட்டத்தில் பெயர் கொடுத்திருந்தார். போவதற்கு மட்டும்தான் டிக்கெட்.

குருவிடம் சொல்லலாம். ஆனால் குரு பெண்பிள்ளை. நல்லபெருமாளின் மூத்த மகளைவிட இரண்டே வயது பெரியவர்.

புதன்கிழமை காலையில் ஒரு யோசனை வந்தது. தன் நீரையே ஒரு பாட்டிலில் பிடித்தார். எவ்வளவு முக்கியும் கால் பாட்டில்தான் தேறியது. அது அவருக்குப் பெரிய மானக்கேடாகப் பட்டது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கழுத்துவரை நிரப்பினார். 'மேலக்குளம் கந்தையா' என்று சீட்டு ஒட்டி, வரிசையில் ஒன்பதாவதாக வைத்தார்.

உலகம்மை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, புல் நுனியால் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது எப்படிப் பரவுகிறது என்று பார்த்தார். ஒன்பதாவதை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"யாரு இந்தக் கந்தையா?"

"தெரிஞ்ச ஆளுதாம்மா. நாலு மைல் தூரம். நடக்க முடியலைன்னு கொடுத்தனுப்பிட்டான்."

"ஒரு குறையும் இல்லை. நல்ல கிணறு."

நல்லபெருமாள் பாட்டில் வரிசையை நேராக்கினார்.

"அம்மா, ஒரு சந்தேகம். ஆளைப் பார்க்காமலே, நீரை மட்டும் வச்சு நோயைச் சொல்லிரலாமா?"

உலகம்மை கிண்ணத்தைக் கவிழ்த்தார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எங்க ஆசானுக்கு ஒரு மிராசுதார் வேலைக்காரன்கிட்ட நீர் கொடுத்தனுப்பினார். வழியில தடுக்கி விழுந்து, எல்லாம் மண்ணுல போச்சு. திரும்பிப் போனா உதை விழுமே. அவன் தன்னோடதையே பிடிச்சுக் கொண்டுவந்துட்டான். ஆசான் பார்த்தார். 'வயிறு காய்ஞ்சு கிடக்கு. மூணு வேளையும் நெய்ச்சோறு போடுங்க'ன்னு எழுதிக் கொடுத்தார்."

"ஐயையோ! அப்புறம்?"

"மிராசுதார் மூணு வேளையும் நெய்ச்சோறு தின்னார். கட்டிலை விட்டு இறக்க எட்டு ஆள் வேண்டியிருந்தது."

"அப்போ ஆசான் சொன்னது தப்பாப் போச்சு."

"எங்க தப்பு? சரியாத்தான் சொன்னார். வேலைக்காரன்தான் கடைசிவரைக்கும் பட்டினி கிடந்தான்."

நல்லபெருமாள் பாட்டில்களை இன்னும் ஒரு தடவை நேராக்கினார். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

"கந்தையாவுக்கு என்ன செய்யுதாம்?" என்றார் உலகம்மை.

"எரிச்சலாம். சொட்டுச் சொட்டாத்தான் போகுதாம். உட்கார முடியலையாம். காய்ச்சலும் வந்து வந்து போகுதாம்."

"பயப்படுறாரா?"

"பயம்தாம்மா. அறுத்தாலும் தீராத கட்டியா இருக்குமோன்னு. அவங்க அப்பா அப்படித்தான் போனார். பதினோரு நாள். கடைசியில பேச்சே இல்லை."

"கந்தையா அப்பாவை உங்களுக்கு நல்லாவே தெரியும் போல."

உலகம்மை அலமாரியிலிருந்து மூன்று கண்ணாடி டம்ளர்களை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"சைக்கிள்ல போயிட்டு வாங்க. முதல்ல வர்றது ஒண்ணுல. நடுவுல வர்றது ஒண்ணுல. கடைசியில வர்றது ஒண்ணுல. கடைசி டம்ளர்ல ரெண்டு சொட்டுதான் இருந்தாலும் சரி. ஊற்றி நிரப்பக் கூடாதுன்னு கந்தையாகிட்ட சொல்லுங்க."

"மூணு எதுக்கும்மா? எல்லாம் ஒரே ஆளுதானே?"

"முதல்ல வர்றது மரியாதைக்கு வர்றது. நடுவுல வர்றது பழக்கத்துக்கு வர்றது. விஷயம் கடைசியிலதான் வரும்."

நல்லபெருமாள் சைக்கிளை எடுத்தார். ஊர் எல்லை தாண்டி, ஆற்றோரத்து நாணல் மறைவில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். வலித்தது. எழுந்து நின்றார்.

பொய் சொன்னாலும் அளந்து சொல்கிறவர் அவர். போக நாலு மைல், வர நாலு மைல், நடுவில் ஒரு மேடு. கந்தையா வீட்டில் ஒரு செம்பு மோர். மோர் குடிக்கப் பத்து நிமிஷம். ஆக ஒரு மணி பத்து நிமிஷம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். ஒரு மணி நேரம் ஆனதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வைத்தியசாலையின் பின்சுவருக்கு வந்து, செம்பருத்தி வேலிக்குப் பின்னால் ஒதுங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று டம்ளரிலும் பிடித்தார். மூன்றாவதில் அடிப்பாகம்தான் நனைந்தது. கை கூசியது. ஆனாலும் தண்ணீர் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றின் வாயையும் வாழையிலைத் துண்டால் மூடி, நாரால் கட்டினார்.

சரியாக ஒரு மணி பத்து நிமிஷத்தில் குருவின் முன் நின்றார். மேல்மூச்சு வாங்குவது போலக்கூடக் கொஞ்சம் வாங்கினார்.

"கந்தையா மோர் கொடுத்தாரா?"

"ஒரு செம்பு கொடுத்தாம்மா."

உலகம்மை இலைகளை அவிழ்த்தார். ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தார். டம்ளர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதலாவது தெளிவு. நடுவில் உள்ளதும் தெளிவு. மூன்றாவது, அரிசி களைந்த தண்ணீர் போல் கலங்கி, பஞ்சு இழை மாதிரி ஏதோ மிதந்தது.

நல்லபெருமாள் டம்ளருக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"கட்டியாம்மா?"

"நீர்ப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கு. டாக்டருங்க புராஸ்டேட்டும்பாங்க. அது வீங்கிக் கொதிச்சுக் கிடக்குன்னு இது சொல்லுது. கொதிப்புன்னா தணிக்கலாம்."

"நிச்சயமாவா?"

"நிச்சயம்னு நீர் சொல்லாது. இந்தப் பக்கம் தேடுன்னு கைகாட்டும். டவுன் டாக்டருக்கு ஒரு கடிதம் தர்றேன். அந்தச் சுரப்பி வீங்கினா நீர்ல என்னென்ன கசியுதுன்னு தேடுற சோதனையெல்லாம் இப்ப பார்க்கிறாங்களாம். அதுவும் கைகாட்டிதான். அவர் ஆளைத் தொட்டுப் பார்ப்பார், ரத்தமும் எடுப்பார். உங்க கந்தையா பயப்படுற கட்டி இருக்கா இல்லையான்னு அங்கதான் தெரியும். நாளைக்கே போகணும்."

"வெள்ளிக்கிழமை காசிக்கு..." என்று ஆரம்பித்து நல்லபெருமாள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கந்தையா காசிக்குப் போறாரா?"

"யோசனை இருந்ததாம்."

உலகம்மை காகிதத்தை எடுத்து நாலு வரி எழுதினார். நோயாளியின் பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு, காகிதத்தையும் பேனாவையும் நல்லபெருமாள் பக்கம் நகர்த்தினார்.

"பேரை நீங்களே எழுதிருங்க."

நல்லபெருமாள் 'க' என்று எழுதினார். பேனா நின்றது. நெய்ச்சோற்று வாசனை எங்கிருந்தோ அடித்தது போல் இருந்தது. நிமிராமலே கேட்டார்.

"அம்மா, காலையில கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை. ஆளைப் பார்க்காமலே சொல்லிரலாமா?"

உலகம்மை வாழையிலைத் துண்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் மல்லாத்தி வைத்தார். அதன் அடிப்பக்கம் பூராவும் ஆவி முத்து முத்தாக வேர்த்திருந்தது. பிறகு மூன்றாவது டம்ளரைத் தூக்கி, அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"நாலு மைல் வந்த நீருங்கய்யா, இன்னும் சுடுது. ஆறுறதுக்குள்ள பேரை எழுதிருங்க."