சிறுத்தை எழுதிக் கொடுத்த நன்னடத்தைச் சான்று

நாணல்மடு என்ற குளத்தின் கரையில் செம்மூக்கி என்றொரு ஆள்காட்டிக் குருவி வாழ்ந்தாள். பேருக்கேற்ற வேலை அவளுக்கு. குளத்துப் பக்கம் யார் பதுங்கி வந்தாலும் “ட்டீ! ட்டீ! டிட்டிட்டூ!” என்று கத்திக் காட்டையே கூட்டிவிடுவாள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் தண்ணீர் குடிக்க வந்த மானும் முயலும் எருமையும் வடகரைப் பாதையில் ஓடித் தப்பித்துக்கொள்ளும்.

ஆறு வருஷமாக இப்படித்தான் நடந்தது. அவளை யாரும் இந்த வேலையில் வைக்கவில்லை. யாரும் நன்றி சொன்னதும் இல்லை. “இந்தக் குருவிக்கு வாயே வலிக்காதா?” என்று சலித்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

செம்மூக்கிக்கு ஒரே ஒரு மனக்குறை. ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையில் நாலு கூழாங்கல்லைச் சேர்த்து வைத்து, நடுவில் முட்டையிடும். போன வருஷம் நாலு முட்டை, அதற்கு முந்தின வருஷம் நாலு முட்டை. எட்டையும் எருமைகள் மிதித்துவிட்டன. எருமைகளைக் குறை சொல்லவும் முடியாது. கல்லுக்கும் முட்டைக்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியாது.

ஒருநாள் மருதமரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

“காட்டரசுப் பணியில் சேர அரிய வாய்ப்பு! பதவி: குளக்கரைக் காவலர். காலியிடம்: ஒன்று. ஆபத்து வருமுன் குரல் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். தேர்வு பெறுபவருக்குக் குளத்தின் நடுவில் உள்ள பாறைத்திட்டு குடியிருப்பாக வழங்கப்படும்.”

அதைப் படித்த அவள் கணவன் நெட்டைக்காலன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“செம்மூக்கி! பாறைத்திட்டு தர்றாங்களாம்! அங்க ஒரு எருமையும் கால் வைக்காது!”

“நமக்குன்னே போட்ட வேலை மாதிரி இருக்குங்க!” என்று துள்ளினாள் செம்மூக்கி.

பாவம், அப்படித்தான் அவள் நம்பினாள்.

மருதமரத்தடியில் அலுவலகம். அங்கே எழுத்தராக ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தார். செம்மூக்கி பணிவாக அருகில் போனாள்.

“ஐயா, குளக்கரைக் காவலர் வேலை எனக்குக் கிடைக்குமா?”

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டினார். செம்மூக்கிக்குத் தலைகால் புரியவில்லை. ஓணான் ‘ஆமாம்’ என்பதற்கும் தலையாட்டும், ‘இல்லை’ என்பதற்கும் தலையாட்டும், ஒன்றும் இல்லாவிட்டாலும் தலையாட்டும் என்பது அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

“முகவரி சொல்லும்மா. எந்த மரம்? எத்தனையாவது கிளை?”

“மரம் இல்லைங்க ஐயா. தரை.”

“தரைன்னு ஒரு மரம் பட்டியல்ல இல்லையே!”

“நாங்க தரையிலதாங்க குடியிருக்கோம். பரம்பரையா அப்படித்தான்.”

“அதெல்லாம் எனக்கெதுக்கு? இந்தக் கட்டத்துல மரத்துப் பேரைத்தான் எழுதணும். ஏதாவது ஒரு கிளையில ஏறி, நான் பத்து எண்ணுற வரைக்கும் நில்லு. குடியிருப்புச் சான்று போட்டுத் தர்றேன்!”

ஆள்காட்டியின் கால் ஓடுவதற்கு ஏற்ற கால். கிளையைப் பற்றிப் பிடிக்க அதற்குப் பின்விரல் சரியாகக் கிடையாது. இது காட்டில் சின்னக் குஞ்சுக்கும் தெரியும். ஆனாலும் செம்மூக்கி ஏறினாள். ஓணான் “மூணு” என்பதற்குள் தொப்பென்று விழுந்தாள். மறுபடி ஏறினாள். “அஞ்சு” என்றபோது விழுந்தாள். மூன்றாம் முறை நெட்டைக்காலன் கீழே நின்று தன் அலகால் அவள் வாலுக்கு முட்டுக்கொடுத்தான். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள்.

“சரி, சரி! தற்காலிக முகவரின்னு எழுதிக்கிறேன்” என்றார் ஓணான். “முன் அனுபவம் உண்டா?”

“ஆறு வருஷம், ஐயா! போன வெள்ளிக்கிழமைகூட சிறுத்தை வந்தப்போ கத்தினேனே! நீங்களே அலறியடிச்சு மரத்துல ஏறினீங்களே!”

“ஏறினது எனக்குத் தெரியும்மா. காகிதத்துக்குத் தெரியாதே! மூத்த அலுவலர் ஒருத்தர்கிட்ட நன்னடத்தைச் சான்று வாங்கிட்டு வா. அவர் எழுதினா அதுல எல்லாம் வந்துரும்.”

“இந்தப் பகுதிக்கு மூத்த அலுவலர் யாருங்க?”

“மேய்ச்சல் கட்டுப்பாட்டு அலுவலர். சிறுத்தையார்.”

செம்மூக்கி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். வாழ்க்கையில் முதல்முறை!

“யாரைப் பார்த்து நான் கத்தணுமோ, அவர்கிட்டயே போய்க் கையெழுத்து வாங்கணுமா?”

ஓணான் தலையாட்டினார்.

வேறு வழியில்லை. முட்டைகளை நினைத்துக்கொண்டு செம்மூக்கி போனாள். பாறை மேல் படுத்திருந்த சிறுத்தை அவளைக் கண்டதும் ஒரு கண்ணைத் திறந்தது.

“அடடே, நீயா! உன் தயவுல நான் இளைச்சே போயிட்டேன்!”

“ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சான்று வேணும்.”

“அதுக்கென்ன, தர்றேனே! உள்ளதை உள்ளபடி எழுதுவேன். நான் பொய் எழுத மாட்டேன்.”

சிறுத்தை எழுதியது இதுதான்:

“இவரை ஆறு ஆண்டுகளாக அறிவேன். காவல் பணியில் ஒருநாளும் கண்ணயர்ந்ததில்லை. நான் எந்தப் புதரில் பதுங்கினாலும் கண்டுபிடித்துவிடுவார். இவரால் நான் பல நாள் பட்டினி கிடந்திருக்கிறேன். ஆகவே இவரைப் பரிந்துரைக்க இயலாது.”

அதே பதவிக்கு ஒரு குயிலும் விண்ணப்பித்திருந்தார். அவரும் சிறுத்தையிடம் சான்று வாங்கினார். அதில் இப்படி இருந்தது:

“இவர் கண்ணை மூடிக்கொண்டு பாடுபவர். நான் பக்கத்தில் வந்து நின்றாலும் கவனிக்க மாட்டார். கோடை முடிந்தால் வாயே திறக்க மாட்டார். இவரால் எனக்கு எந்த இடையூறும் இல்லை. ஆகவே இவரை முழுமனதோடு பரிந்துரைக்கிறேன்.”

தேர்வுக்குழுவின் தலைவர் ஒரு மிளா. மான் இனத்தில் பெரிய உருவம், பெரிய கொம்பு, பெரிய கனைப்பு. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காகிதத்திலும் கடைசி வரியை மட்டும்தான் படிப்பார். அந்த அலுவலகத்தில் எல்லாருக்குமே அதுதான் வழக்கம்.

“தலைவரே, மேல நாலு வரி இருக்குங்க. அதையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க!” என்று கெஞ்சினாள் செம்மூக்கி.

“நாற்பது விண்ணப்பம் குவிஞ்சு கிடக்கு! ஒண்ணொண்ணையும் முழுசா படிச்சா நான் எப்போ மேயறது?” என்று கனைத்தார் மிளா. “உனக்கு ‘இயலாது’ன்னு போட்டிருக்கு. குயிலுக்கு ‘பரிந்துரைக்கிறேன்’னு போட்டிருக்கு. அவர் முகவரியும் சுத்தமா இருக்கு. வேப்பமரம், மூணாவது கிளை!”

“அது காக்கா கூடு, தலைவரே!”

“யார் கூடா இருந்தா என்ன? மரம் இருக்கா, கிளை இருக்கா? முடிஞ்சது!”

குயில் பாறைத்திட்டில் குடியேறினார். பதவி இல்லாதவர்கள் எச்சரிக்கைக் குரல் எழுப்பினால் யாரும் பொருட்படுத்த வேண்டாம் என்று சுற்றறிக்கை ஒன்றும் வந்தது. செம்மூக்கி வழக்கம்போல் மேற்குக் கரைப் பொட்டலில் நாலு முட்டை இட்டாள்.

வெயில் தாழ்ந்த ஒரு மாலை. முட்டைகளுக்குள் குஞ்சுகள் ஓட்டைக் கொத்தும் சத்தம் லேசாகக் கேட்டது. செம்மூக்கியும் நெட்டைக்காலனும் மாறி மாறிக் காதை வைத்துக் கேட்டார்கள். குளத்தில் மிளாவும் மான்களும் எருமைகளும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். குயில் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்.

நாணல் அசைந்தது. காற்று இல்லை.

“ட்டீ! ட்டீ! டிட்டிட்டூ! சிறுத்தை! ஓடுங்க!” செம்மூக்கி தொண்டை கிழியக் கத்தினாள்.

ஒரு மான்குட்டி தலையைத் தூக்கியது. மிளா அதை அதட்டினார்.

“குடி, குடி! அவ பதவியில இல்லாதவ. காவலர் பாடிக்கிட்டுத்தானே இருக்கார்? ஆபத்துன்னா அவர் சொல்ல மாட்டாரா?”

“தலைவரே, உங்க பின்னாடிதான்! திரும்பிப் பாருங்க! சத்தியமா சொல்றேன், திரும்பிப் பாருங்க!”

மிளா திரும்பவில்லை. அடுத்த நொடியில் சிறுத்தை அவர் கழுத்தில் இருந்தது.

அதன்பிறகு கூட்டம் சிதறி ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்வது! முன்பெல்லாம் செம்மூக்கி கத்தியதும் கூட்டம் வடகரைப் பாதையைப் பிடிக்கும். நேரம் இருக்கும். இப்போது நேரம் இல்லை. பாதை பார்க்காமல் எருமைகள் மேற்குப் பொட்டலில் புகுந்தன. நெட்டைக்காலன் சிறகை விரித்து எருமைகளுக்கு முன்னால் போய் நின்றான். எருமைகளுக்குக் கண் தெரிந்தால்தானே!

புழுதி அடங்கியதும் இருவரும் தேடினார்கள். மூன்று முட்டைகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. ஒன்று மட்டும் ஒரு கல்லின் ஓரத்தில் தப்பியிருந்தது. செம்மூக்கி அழக்கூட நேரமில்லாமல் அதன் மேல் போய் உட்கார்ந்தாள். இருட்டுவதற்குள் அதிலிருந்து ஒரே ஒரு குஞ்சு வெளியே வந்தது.

மறுநாள் காலை ஓணான் ஒரு காகிதத்துடன் அவசரமாக வந்தார். குயில் ராஜினாமா செய்துவிட்டாராம். சிறுத்தையின் சான்றுகளை இப்போதுதான் முதல் வரியிலிருந்து படித்தார்களாம்.

“உன்னைப் பத்தி எவ்வளவு உயர்வா எழுதியிருக்கார் தெரியுமா! கண்ணயர்ந்ததில்லைன்னு எழுதியிருக்கார்! வேலை உனக்குத்தாம்மா. பாறைத்திட்டும் உனக்குத்தான்!”

“நேத்தே நான் சொன்னேனே, ஐயா. போன மாசமும் சொன்னேனே.”

“சொன்னே, சொன்னே. இனிமே எல்லாம் சரியாயிரும். இந்தப் படிவத்தை மட்டும் புதுசா ஒரு தடவை பூர்த்தி பண்ணிக் குடுத்துரு. குடியிருப்புச் சான்று ஒண்ணு குறையுது…”

செம்மூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“வாங்க, போகலாம்” என்று கணவனிடம் மட்டும் சொன்னாள். ஆள்காட்டிக் குஞ்சு பிறந்த மறுநாளே நடக்கும். அதை நடுவில் நடக்கவிட்டு இருவரும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரியை நோக்கி நடந்தார்கள். ஓணான் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

அன்று முதல் நாணல்மடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் ஒன்பது தடவை திரும்பிப் பார்க்கிறார்கள்.

வேலையைச் செய்கிறவரை விரட்டிவிட்டு வேலைக்கான காகிதத்தைத் தேடுகிறவர்கள், ஆபத்து வரும்போது அந்தக் காகிதத்தைக் கட்டிக்கொண்டுதான் அழ வேண்டும்.